காபிய விட வேணாம், நேரத்த மாத்துங்க: பழவேற்காட்டுல ஒரு டம்ளர் காபி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடைக் கேக்குறப்ப உங்க கையில ஒரு காபி இருக்கும்னு எனக்குத் தெரியும். இருக்கட்டும், கீழ வைக்க வேணாம். குடிச்சிக்கிட்டே கேளுங்க. "காபி கெட்டது, நிறுத்துங்க"னு சொல்லப் போறதில்ல. காபியில என்ன சேர்க்குறோம், எதோட சேர்த்துக் குடிக்கிறோம், எந்த நேரத்துல குடிக்கிறோம் - இந்த மூணும்தான் இன்னைக்குப் பேச்சு.

இந்த எபிசோடுக்கான யோசனை வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, பழவேற்காட்டுல.

ஏரிக்கரை, காலை அஞ்சரை மணி

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி தாண்டிப் போனா பழவேற்காடு. இந்தியாவுல சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டு மாநிலத்துலயும் விரிஞ்சு கெடக்குது. பூநாரை பாக்கப் போறவங்க நிறைய. நாங்களும் அதுக்குத்தான் போனோம். ஆனா அந்த நேரத்துல கரையில பூநாரையவிட சுறுசுறுப்பா இருந்தது படகுங்களும், கூடையோட காத்திருந்த பொம்பளைங்களும்தான்.

படகு வந்து மீன் இறங்கி, ஏலம் முடிஞ்சு, கூடைய எடுத்துக்கிட்டு விக்கப் போகணும். அதுக்கு நடுவுல கிடைக்கிற பத்து நிமிஷத்துல டீக்கடை. அங்க எனக்குப் பக்கத்துல ஒரு அக்கா. இறால், நண்டு வாங்கி விக்கிறவங்க. காபி வாங்கினாங்க. முந்தானை முடிச்ச அவுத்து ஒரு மாத்திரைய எடுத்து வாயில போட்டு, அந்தக் காபியாலயே முழுங்கினாங்க.

"என்ன மாத்திரைக்கா?"

"ரத்தம் கம்மியாம் கண்ணு. சத்து மாத்திர குடுத்துக்கீறாங்க. மூணு மாசமா போடுறேன். ஒண்ணும் ஏறல, தல சுத்தல் அப்படியேதான் கீது."

"காலையில சாப்ட்டீங்களா?"

"இன்னா சாப்பாடு? மூணு மணிக்கு எழுந்தேன். இது ரெண்டாவது காபி. வித்துட்டு வூட்டுக்குப் போயி பதினோரு மணிக்குத்தான் கஞ்சி."

அந்த ஒரு டம்ளர்லயே இன்னைக்கு நாம பேச வேண்டிய எல்லாம் இருந்துச்சு. வெறும் வயிறு, ரெண்டு கரண்டி சக்கரை, பால், அதுல ஒரு இரும்புச் சத்து மாத்திரை. ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாப்போம்.

முதல்ல, இந்தக் காபி எப்படி இங்க வந்தது?

பழவேற்காடு சின்ன ஊர்னு நினைக்காதீங்க. 1610-லயே டச்சுக்காரங்க இங்க வந்து உக்காந்துட்டாங்க. 1613-ல கெல்ட்ரியா கோட்டை. சோழமண்டலக் கரையில டச்சுக் கிழக்கிந்திய கம்பெனிக்குத் தலைமையிடமே ரொம்ப காலம் இதுதான். 1690 வாக்குல அத நாகப்பட்டினத்துக்கு மாத்தினாங்க. அதே கம்பெனிதான் கொஞ்ச வருஷத்துல, 1696-லயும் திரும்ப 1699-லயும், நம்ம மலபார் கரையிலிருந்து காபிச் செடிய ஜாவாவுக்குக் கொண்டுபோச்சு. ஆக, ஜாவா காபியோட வேர் தென்னிந்தியாவுல இருக்கு. இங்க அது எப்படி வந்ததுன்னு கேட்டா, பாபா புடான் ஏமன்லேர்ந்து ஏழு கொட்டைய ஒளிச்சு எடுத்துட்டு வந்து சிக்கமகளூரு மலையில போட்டார்னு கதை சொல்லுவாங்க.

ஆனா தமிழ் வீடுகளுக்குள்ள காபி வந்தது ரொம்பப் பிந்தி. "அந்தக் காலத்தில் காப்பி இல்லை"ன்னு ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகமே எழுதியிருக்கார். நூறு வருஷத்துக்கு முன்னாடி காலையில பழையதும் நீராகாரமும் இருந்த எடத்துலதான் காபி வந்து உக்காந்துச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க. நீராகாரத்துல சோறு இருந்துச்சு. காபியில சோறு இல்ல.

ஒரு டம்ளர்ல எவ்வளவு காஃபின்?

நாம முழிச்சிருக்கற நேரமெல்லாம் மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துகிட்டே வரும். அது போய் உக்கார்ற எடத்துல உக்காந்தா தூக்கம் வரும். காஃபின் பாக்க அதே மாதிரி இருக்கும். அந்த நாற்காலியில முன்னாடியே துண்டு போட்டு வச்சிடும். அடினோசினுக்கு எடம் இல்ல, அதனால தூக்கம் தெரியாது. ஆனா சோர்வு எங்கயும் போகல, வாசல்லயே நிக்குது. காஃபின் எழுந்து போனதும் மொத்தமா உள்ள வரும். காபி புதுசா எதையும் உடம்புக்குத் தர்றதில்ல. தூக்கத்தத் தள்ளிப் போடுது, அவ்வளவுதான்.

அளவு என்ன? ஐ.சி.எம்.ஆரோட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில சொல்றாங்க: 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில 80லேர்ந்து 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட் காபியில 50லேர்ந்து 65, டீயில 30லேர்ந்து 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமத் தாண்டாதீங்கங்கறது அவங்க அறிவுரை. ஐரோப்பாவுல 400 வரைக்கும் சரிங்கறாங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு 200தான் எல்லை.

ஆக, டிகாக்‌ஷன் காபின்னா மூணு டம்ளர். இதுல கொட்டையோட வகையும் உண்டு. ரொபஸ்டாவுல காஃபின் கிட்டத்தட்ட அராபிகா மாதிரி ரெண்டு மடங்கு. பவுடர் வாங்குறப்ப "எந்தக் கொட்டை?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

நைட் ஷிஃப்ட்ல இருக்கறவங்களுக்கு

காஃபின் உடம்புல பாதியாக் குறைய சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும். சிலருக்கு ரெண்டு மணி நேரம், சிலருக்கு ஒம்பது. அதனாலதான் உங்க ஃப்ரெண்ட் ராத்திரி பத்து மணிக்குக் காபி குடிச்சிட்டுக் குறட்டை விடுறான், நீங்க நாலு மணிக் காபிக்கே கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கீங்க.

2013-ல வந்த ஒரு ஆய்வுல, படுக்கறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவங்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுது.

இப்ப ஏரிக்கு வாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வலை எடுத்துட்டுப் போற ஒருத்தருக்குப் போறதுக்கு முன்னாடி குடிக்கிற காபி உண்மையிலேயே உதவும். தண்ணியில தூங்கி வழியறது ஆபத்து. ஆனா காலையில ஏழு மணிக்குக் கரைக்கு வந்து, களைப்புல இன்னொரு ஸ்ட்ராங் காபி குடிச்சிட்டு ஒம்பது மணிக்குப் படுத்தா? அந்தத் தூக்கம் தூக்கமா இருக்காது. சாயங்காலம் எழுந்திரிக்கிறப்பவே அசதி, அதுக்கு இன்னொரு காபி.

ஐ.டி. கம்பெனியில நைட் ஷிஃப்ட் பாக்குற உங்களுக்கும் இதே கணக்குதான். ஷிஃப்டோட முதல் பாதியில குடிங்க. ரெண்டாம் பாதியில நிறுத்திடுங்க. வேலை முடிஞ்சு சூடா எதாவது வேணும்னா சுக்கு காபி குடிங்க. அதப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

இரும்பும் காபியும் சேராது

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போறீங்கன்னா, இத எடுத்துக்கோங்க.

காபியில, டீயில பாலிஃபீனால்னு சொல்ற பொருட்கள் இருக்கு. டேனின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதுங்க குடலுக்குள்ள இரும்புச் சத்தப் பிடிச்சுக்கும். பிடிபட்ட இரும்பு ரத்தத்துல சேராம அப்படியே வெளிய போயிடும். கீரை, பருப்பு, கேழ்வரகுல இருக்கற இரும்பு இதுல ரொம்ப அடிபடும். மீன், கறியில இருக்கற இரும்புல ஒரு பகுதி கொஞ்சம் தப்பிச்சுக்கும்.

1983-ல ஒரு சோதனை பண்ணினாங்க. இறைச்சி வச்ச பர்கர் சாப்பிட்டவங்களுக்குக் கூடவே ஒரு கப் காபி குடுத்தப்ப, இரும்பு உறிஞ்சப்படறது 39 சதவீதம் குறைஞ்சுது. டீ குடுத்தப்ப 64 சதவீதம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காபி குடிச்சா பாதிப்பே இல்ல. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சப்ப, கூடவே குடிச்ச மாதிரி அதே அளவு பாதிப்பு.

நம்ம ஊர்ல டிஃபன் முடிஞ்ச உடனே காபி. டிஃபனோட சேத்தே காபி. சரியா இரும்புக்கு ஆகாத நேரம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் டீ, காபி வேணாம்ங்குது.

இது யாருக்குப் பெரிய விஷயம்? தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21: தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ரெண்டு பேர்ல ஒருத்தர். உங்க ஆஃபீஸ்ல, உங்க வீட்டுல, உங்க பக்கத்து சீட்டுல.

இப்ப அந்த அக்காவோட மாத்திரைக்கு வருவோம். அத அவங்க பால் காபியோட முழுங்குறாங்க. காபியோட பாலிஃபீனால் ஒரு பக்கம் இழுக்குது, பாலோட கால்சியம் இன்னொரு பக்கம். மூணு மாசம் ஒரு நாள் விடாமப் போட்ட மாத்திரையில எவ்வளவு உள்ள போயிருக்கும்? "ஒண்ணும் ஏறல"ன்னு அவங்க சொன்னதுக்கு இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு, வேற நோய்னு பல காரணம் இருக்கலாம். அத டாக்டர்தான் பாக்கணும். ஆனா இது ஒரு காரணமா இருக்கலாம், அதுவும் காசு செலவில்லாமச் சரி பண்ணக்கூடிய ஒண்ணு.

ஏன் காபியோட போடுறீங்கன்னு கேட்டேன். "தண்ணியில போட்டா வாயெல்லாம் இரும்பு வாசன கண்ணு, குமட்டுது. காபின்னா தெரியாது"ன்னாங்க. நியாயமான காரணம்தான்.

"ராத்திரி காபி குடிப்பீங்களா?"

"ராத்திரி ஏது காபி? சோறு துன்னுட்டுப் படுத்துடுவேன்."

"அப்ப மாத்திரைய ராத்திரி சோத்துக்கு அப்புறம் போடுங்கக்கா. தண்ணியில ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோங்க. வாசனையும் தெரியாது, இரும்பும் நல்லா ஏறும்."

எலுமிச்சை, நெல்லி, கொய்யாவுல இருக்கற வைட்டமின் சி இரும்பு உள்ள போக உதவும். வீட்டுல யாராவது தைராய்டு மாத்திரை போடுறாங்கன்னா அவங்களுக்கும் இதே மாதிரி ஒரு விதி: வெறும் வயித்துல தண்ணியோட மாத்திரை, அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி.

சரி, காபியில என்ன போடலாம்?

*சக்கரை.* ஒரு டீஸ்பூன் கிட்டத்தட்ட 4 கிராம். கடைக் காபியில ரெண்டு ஸ்பூன்னு வச்சுக்கிட்டா 8 கிராம். நாலு காபின்னா 32. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படற சக்கரைய ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள வச்சா நல்லதுங்குது. பிஸ்கட், ஜூஸ் எதுவும் தொடாமலே, காபியிலயே தாண்டிட்டோம். கடையில "சக்கரை கம்மி"ன்னு சொல்லிப் பழகுங்க. வாரத்துக்கு அரை ஸ்பூனாக் குறைங்க, நாக்கு பழகிக்கும்.

*கருப்பட்டி, வெல்லம்.* பழவேற்காட்டுப் பக்கம் பனை நிறைய, பனை ஓலைப் பெட்டி முடையறதும் அங்க பேர் போன கைத்தொழில். கருப்பட்டிக் காபி ருசியில தனி. ஆனா "கருப்பட்டி போட்டா சக்கரை நோய்க்காரங்களும் குடிக்கலாம்"ங்கறது தப்பு. கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். தாதுக்கள் கொஞ்சம் கூட இருக்கும், ஆனா ஒரு டம்ளருக்குப் போடுற அளவுல அது பெருசா வராது. ருசிக்காகப் போடுங்க, மருந்துன்னு நினைச்சுப் போடாதீங்க. அடுப்ப அணைச்சிட்டுச் சேருங்க, இல்லன்னா பால் திரியும்.

*பால்.* புரதமும் கால்சியமும் கிடைக்கும். வெறும் வயித்துல கருப்புக் காபி குடிச்சா எரியுதுங்கறவங்களுக்குப் பால் கொஞ்சம் இதமா இருக்கும். ஆனா காபிப் பால் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது.

*சிக்கரி.* இதுக்கு ஊர்ல கெட்ட பேரு. ஆனா சிக்கரி ஒரு செடியோட வேர், வறுத்து அரைச்சது. அதுல காஃபின் கெடையாது. அதனால 60:40 பவுடர்ல போட்ட காபியில, 80:20-ஐவிடக் காஃபின் கம்மி. சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில காபி குறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும், சிக்கரி எவ்வளவுன்னு பாக்கெட்டுல போட்டிருக்கணும். படிச்சுப் பாருங்க.

*ஏலக்காய், சுக்கு, பட்டை.* தாராளமா. வாசனைக்கு இனிப்பு மாதிரி ஒரு உணர்வு உண்டு, சக்கரையக் குறைக்கறப்ப கை குடுக்கும்.

*வெண்ணெய், நெய்.* ரீல்ஸ்ல பாத்துட்டு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரு டேபிள்ஸ்பூன் நெய்ல நூறு கலோரிக்கு மேல போகும், பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. டிஃபன விட்டுட்டு இதக் குடிக்கிறதுல, டிஃபன்ல கெடைக்க வேண்டிய நார்ச்சத்தும் புரதமும் போயிடும். கொலஸ்ட்ரால் இருக்கறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும்: காபிக் கொட்டையில காஃபெஸ்டால்னு ஒரு எண்ணெய்ப் பொருள் எல்.டி.எல். கொலஸ்ட்ரால ஏத்தும். காகித ஃபில்டர் அத நல்லாப் பிடிச்சுக்கும். நம்ம பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரோட ஓட்டைங்க அந்த அளவுக்குப் பிடிக்காது.

*சுக்கு காபி.* இதுல காபியே கெடையாது. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி. காஃபின் சுத்தமா இல்ல. ராத்திரி சூடா எதாவது வேணும், ஆனா தூங்கவும் வேணும்னா இதுதான். கருப்பட்டி அளவ மட்டும் பாத்துக்கோங்க.

*நாம போடாமலே விழறது.* 2020-ல ஐ.ஐ.டி. கரக்பூர் ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க: காகிதக் கப்புல 100 மில்லி சூடான தண்ணி 15 நிமிஷம் இருந்தா, உள்பக்கம் இருக்கற பிளாஸ்டிக் பூச்சிலேர்ந்து சுமார் 25,000 நுண் துகள்கள் கலக்குதாம். தமிழ்நாட்டுல இந்த மாதிரிப் பிளாஸ்டிக் பூசின கப்பு 2019 ஜனவரியிலேர்ந்தே தடை. ஏரிக்கரையில அதே கப்புங்க மிதக்கறதப் பாக்கலாம். கண்ணாடி டம்ளர்ல கேளுங்க, கடைக்காரர் குடுப்பார்.

தண்ணி எங்க?

காபி குடிச்சா உடம்புல தண்ணி வத்திடும்னு சொல்றது முழு உண்மை இல்ல. பழகினவங்களுக்கு மிதமான காபி தண்ணிக் கணக்குலதான் சேரும். ஆனா வெயில்ல நாள் முழுக்க வேலை செய்யறவங்களுக்கு நாலு சின்ன கப்பு போதவே போதாது. அக்காகிட்ட "தண்ணி குடிப்பீங்களா?"ன்னு கேட்டேன்.

"மார்க்கெட்ல உக்காந்துக்கினு தண்ணி குடிச்சா, எங்க போயி ஒதுங்குறது?"

எனக்குப் பதில் இல்ல. பசிக்கும் தெம்புக்கும் ரெண்டுக்கும் சேத்து ஒரு சின்ன டம்ளர் காபின்னு அவங்க முடிவு பண்ணினது அறியாமையால இல்ல. கழிப்பறை இல்லாத எடத்துல அது ஒரு கணக்கு. "நிறையத் தண்ணி குடிங்க"ன்னு நாம ஈஸியாச் சொல்லிடுறோம். அதுக்கு முதல்ல ஒரு பூட்டாத கழிப்பறை வேணும். உங்க தெருவுல மீன் விக்க வர்ற அக்கா "கொஞ்சம் பாத்ரூம் போயிக்கிட்டுமா?"ன்னு கேட்டா, சரின்னு சொல்லுங்க.

சுருக்கமா

டிகாக்‌ஷன் காபி ஒரு நாளைக்கு மூணு டம்ளருக்குள்ள. படுக்கறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடி கடைசிக் காபி. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவுல ஒரு மணி நேரம். இரும்பு மாத்திரை காபியோட வேணவே வேணாம். சக்கரை கம்மி. எழுந்ததும் காபிதான் வேணும்னா குடிங்க, ஆனா ஒரு மணி நேரத்துல ஒரு இட்லியாவது, ஒரு கிண்ணம் கஞ்சியாவது உள்ள போகட்டும். நெஞ்சு படபடக்குது, ரத்தக் கொதிப்பு இருக்கு, கர்ப்பமா இருக்கீங்கன்னா, அளவ டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

ஏலம் முடிஞ்சு அக்கா கூடையத் தூக்கினாங்க. கெளம்பறப்ப திரும்பிப் பாத்து, "ராத்திரிக்கு, எலுமிச்சம்பழம், சரி கண்ணு"ன்னாங்க. "காபிய வுட சொல்லுவியோன்னு பயந்துட்டேன்."

உங்க வீட்டுலயும் யாராவது மாத்திரையக் காபியோட முழுங்குறாங்களா? இன்னைக்கே கேட்டுப் பாருங்க. இந்த எபிசோட அவங்களுக்கு அனுப்பறதவிட, பக்கத்துல உக்காந்து நீங்களே சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.